கொட்டிலில் பேப்பர் வாசிக்கச் சொல்வது யார்?

தொழிற்சங்கத்துக்காக நான் முதன்முதல் தொழில் நியாயசபைக்குப் போன நாளில், பத்து நிமிடத்துக்குள் வழக்கே இல்லாமற் போகப் பார்த்தது.

செல்லத்துரை அண்ணை கரவெட்டிப் பக்கத்துச் சுருட்டுக் கொட்டிலொன்றில் பதினெட்டு வருடம் சுருட்டுச் சுற்றியவர். அங்கே ஒருவர் நடுவில் இருந்து பேப்பர் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிப்பவருடைய பங்குச் சுருட்டையும் அவர்களே சுற்றிக் கொடுப்பார்கள். ஒருநாள் முதலாளி, வேலைநிறுத்தச் செய்தியை விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார். "அதையும் வாசி, கேப்பம்" என்றார் அண்ணை. மறுநாள் அவருக்கு அங்கே இடமில்லை.

நீக்கியது அநியாயம் என்று காட்ட இருபது பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்த திமிர்! முதலாளிக்காக வாதாட வந்த அப்புக்காத்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதை விசாரிக்கும் நியாயாதிக்கமே இந்தச் சபைக்கு இல்லை என்றார். செல்லத்துரை எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர். கத்தியும் பலகையும் அவருடையவை. நினைத்தால் வருவார், நினையாவிட்டால் வரமாட்டார். அவர் ஒப்பந்தக்காரர். தொழிலாளி அல்லாதவரின் முறைப்பாட்டை இங்கே விசாரிக்க முடியாது.

அண்ணை என் காதுக்குள், "தம்பி, உவர் என்னையும் முதலாளி ஆக்கிப்போட்டார். வீட்டிலை சொல்லவேணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை. முதலாளி சாட்சி சொல்ல ஏறியதும், வேறொன்றும் தோன்றாமல் கேட்டேன்:

"ஐயா, கொட்டிலிலை எந்தச் செய்தி வாசிக்கிறதெண்டு ஆர் சொல்லுறது?"

"வேறை ஆர்? நான்தான்! என்ரை கொட்டிலிலை என்னைக் கேளாமல் ஒருத்தன் பக்கம் புரட்டேலாது."

"வெத்திலை போட வெளியாலை போறதெண்டால்?"

"என்னைக் கேட்டுத்தான்."

"சுருட்டு மொத்தமாய்த் தடிச்சுப் போனால்?"

"பிரிச்சுத் திருப்பிச் சுத்து எண்டுவன். பதினெட்டு வருசமாய் உவரை நான்தான் மேய்ச்சனான்!"

அப்புக்காத்து கூரையைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த சபைத் தலைவர் நிமிர்ந்து, "ஒப்பந்தக்காரரையோ மேய்ச்சனீங்கள்?" என்றார்.

இப்படி மேய்க்கப்படுபவர் தொழிலாளியே என்று ஆட்சேபம் தள்ளுபடி. பிறகு முழு விசாரணையும் நடந்து, அண்ணையைத் திரும்பச் சேர்க்கும்படி கட்டளையும் வந்தது. முதலாளி விடவில்லை, அதே நியாயாதிக்கக் கேள்வியோடு கொழும்புக்கு மேன்முறையீடு செய்தார். முடிவு வரும்வரை அண்ணை புகையிலைத் தோட்டங்களில் தண்ணீர் கட்டினார். நான் தபாற்காரரைக் கண்ட இடமெல்லாம் சைக்கிளை நிறுத்தினேன். மேலே புதிதாகச் சாட்சி எடுப்பதில்லை. கீழே பதிந்ததையே மீளாய்வு செய்வார்கள். பதிவில் இருந்ததோ முதலாளியின் சொந்த வாய்மொழி. மேன்முறையீடும் தள்ளுபடியானது.

சங்கக் கிளைக்குப் புதிதாக வந்தவர்களே, முறைப்பாட்டோடு ஒருவர் வந்தால், ஏன் நீக்கினார்கள் என்பதைப் பிறகு கேளுங்கள். வேலைத்தலத்தில் அவர் யாரைக் கேட்டு எழும்பினார், யார் சொல்லித் திருத்தினார் என்பதை முதலில் எழுதுங்கள். நான் எழுதாமல் போய்த் தப்பியவன்.

அண்ணை வேலைக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களிடம், "இண்டைக்கு என்ன வாசிக்கிறதெண்டு உவரையே கேளுங்கோ" என்றார்.

அண்ணை பலகையை மடியில் வைத்தார்.

"இல்லை முதலாளி, நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தானே நான் தொழிலாளி!"