குறட்டுக்குள் ஒரு கொழுந்து

போன சனிக்கிழமை விடியற்காலை என் கடைக்கு ஒரு கல்யாணப் பெண் வந்தாள். பண்டாரவளைப் பெண். வேதக்கார வீடு. அன்றைக்கே பதுளையில் மாதா கோயிலில் கல்யாணம். நெற்றியில் முடி அலை அலையாக விழ வேண்டும், அதற்கு மேல் வலை முக்காடு. இந்த ஊவாவில் அந்த அலையைப் போட ஒரு ஆள்தான் உண்டு. யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கூட ஒரு அத்தை. கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தவர்.

நான் வழக்கம்போல ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன். முடி சுருட்டுகிற இரும்புக் குறட்டை அதன் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, தகர டப்பாவிலிருந்து ஒரு வாடின தேயிலைக் கொழுந்தை எடுத்து, குறட்டுக்குள் வைத்து அமுக்கினேன். திறந்து மோந்து பார்த்தேன்.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னம்மா, எங்க பிள்ளை தலையில டீ ஊத்தப் போறீங்களா?"

 குறடு கையில் இருக்கும்போது நான் பேசுவதில்லை.

அத்தை சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கண்ணாடி, ஒரு காலண்டர், அவ்வளவுதான். கொழும்பில் முடி சுருட்டுகிற இடத்தில் எல்லாம் படித்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்களாம். உங்களுடையது எங்கே என்று கேட்டார்.

குறட்டை விளக்கில் வைத்துவிட்டு, கல்யாணம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன். பெண்ணின் தலையில் அலை விழுந்தது. அதைப் பார்த்த அத்தை தன் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கேட்ட கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்கு மேல். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள் நான். பேர் ராக்காயி. பத்து வயதில் கூடையை முதுகில் போட்டேன். பதினேழு வயதில் மழையில் தண்ணீர் ஓடுகிற ஒரு கானுக்குள் வழுக்கி விழுந்து வலது கால் ஒடிந்தது. கூடியது... ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் காலோடு மலை ஏற முடியுமா?

நல்ல காலம், கங்காணி என்னை ஸ்டோருக்கு அனுப்பினார். தேயிலைத் தூள் செய்கிற ஆலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். உட்கார்ந்து தூளில் காம்பு பொறுக்குகிற வேலை. நான் உட்கார்ந்த மூலைக்குப் பக்கத்து அறையில்தான் இலையைச் சூட்டில் வறுக்கிற அடுப்பு. இரண்டு வருஷம் அந்த வாசனையிலேயே கிடந்தேன். அடுப்பில் சூடு கூடினால் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கருக்கு முன்னால் எனக்குத் தெரியும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கொழுந்து குறைந்த ஒரு பருவத்தில் உட்காருகிற வேலையும் நின்றுபோனது. வேலை இல்லாவிட்டால் பெரட்டில் பேர் கூப்பிட மாட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே பேர் இல்லாவிட்டால் லயத்தில் காம்பரா இல்லை. அந்த ஒற்றை அறையில் நானும் என் அம்மாவும் இருந்தோம். அம்மாவுக்கு ஈளை இழுப்பு. அவளுக்கும் பேர் கிடையாது. இரண்டு பேரும் எங்கே போவது? கடலுக்கு அக்கரையில், இந்தியாவில், எங்களுக்கு யார் முகம் தெரியும்?

அந்த நேரத்தில்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் புதுத் துரைசாணி, அவர் மனைவி, வந்தார். அவருக்குக் கூடமாட ஏவல் பார்க்கிற ஆயா வேலைக்கு ஆள் தேடினார்கள். கங்காணி என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மாதம் பார்ப்போம், அதுவரை காம்பராவில் இருக்கலாம், பிடித்தால் பெரட்டில் பேர் என்றார்கள்.

பங்களாவில் ஜேமிஸ் அப்பு என்று ஒருவர். சமையல், மேசை, சாவிக்கொத்து எல்லாம் அவர் கையில். ஹாலிஎலை ஊர்க்காரர். தன் தங்கச்சி மகளை அந்த ஆயா வேலைக்குக் கொண்டுவர அவருக்கு ஆசை. அது நிறைவேறாத கோபத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். நொண்டி என்றுதான் கூப்பிடுவார். அவர் சமைக்கிற குசினியில் எனக்குத் தண்ணீர் குவளையில் இல்லை, பால் டின்னை வெட்டிய தகரப் பேணியில்தான்.

மூன்று வாரம் நல்லபடியாகப் போனது. நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, துரைசாணி தலையைத் தொட்டுக் காட்டிப் பிடித்துவிடச் சொன்னார். காய்ந்துபோன வைக்கோல் மாதிரி முடி. பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. லயத்திலிருந்து நல்ல தேங்காயெண்ணெய் கொண்டுவந்து இரண்டு கை அள்ளி வைத்துத் தேய்த்தேன். அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். துடைத்துவிட்டு நிமிர்ந்தால், பெட்டியைத் திறந்து ஒரு குறட்டை எடுத்து என் கையில் கொடுக்கிறார். விளக்கைக் காட்டினார். சுட வைத்து முடியைச் சுருட்டு என்று சைகை.

எண்ணெய் வைத்த தலையில் பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்தால் என்ன ஆகும்? எனக்கு யார் சொன்னார்கள்? எங்கள் ஆட்களுக்குத் தலை என்றால் எண்ணெய்தான். எண்ணெய் இல்லாமல் சீப்பையே தொட மாட்டோம்.

வைத்தேன். அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. புகை வந்தது. காதோரத்து முடிக் கற்றை ஒன்று, மூன்று விரல் நீளம், குறட்டோடு என் கைக்கு வந்துவிட்டது.

துரைசாணி கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். அவ்வளவுதான். 

குசினியிலிருந்து அப்பு எட்டிப் பார்த்தார். "என்ன நொண்டி, வறுவல் வாசம் வருது? இன்னைக்குக் கறி நீயா வெச்சே?"

அன்றைக்கே அவர் காரியத்தை முடித்துவிட்டார். தங்கச்சி மகளுக்கு ஆள் விட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்துவிடுவாள், பண்டாரவளையில் ஒரு துரைசாணியிடம் இருந்து பழகியவள் என்றார். துரைசாணியும் சரி என்றுவிட்டார். ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் பதுளைக் கிளப்பில் டான்ஸ். அதற்குள் வேறு ஆள் கிடையாது. பொசுங்கின காதோரத்தை மறைத்து நான்தான் தலை சீவிவிட வேண்டும். அதோடு என் வேலை முடிந்தது.

எனக்கு நாலு நாள் இருந்தது.

எண்ணெய் கூடாது என்பது புரிந்துவிட்டது. எவ்வளவு சூடு? அதுதான் தெரியவில்லை. துரைசாணிக்கும் தெரியாது, அவருக்கு எப்போதும் யாராவது செய்துவிட்டிருக்கிறார்கள். அப்புவுக்குத் தெரியும். முன்பிருந்த துரைசாணிக்கு ஆயா செய்வதைப் பார்த்தவர். கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

புதன்கிழமை சீயக்காய் போட்டு என் தலையை அலசி, காய வைத்து, என் முடியிலேயே வைத்துப் பார்த்தேன். இரண்டு கற்றை போனது. மூன்றாவது கற்றையில் சூடு பற்றவில்லை. முடி கம்பி மாதிரி நேராகவே நின்றது.

வியாழக்கிழமை குசினிக்குப் பின்னால் குறட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஸ்டோரிலிருந்து காற்று அடித்தது. பழக்க தோஷம்... மூக்கு தானாகச் சொன்னது, 'கருகுது.' அடுத்த நிமிஷம் கீழே டீமேக்கர் அடுப்புக்காரனை ஏசுகிற சத்தம் கேட்டது.

அப்படியே எழுந்து நின்றேன்.

கை கண்டுபிடிக்காததை மூக்கு கண்டுபிடிக்காதா? நொண்டிக்கொண்டே ஸ்டோருக்குப் போனேன். மாடியில் வாட்டிப் போட்ட கொழுந்தில் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்தேன். குறட்டைச் சுட வைத்து, ஒரு கொழுந்தை வைத்து அமுக்கி, நாலு எண்ணித் திறந்தேன். கறுத்துப் போயிருந்தது. சூடு கூடிவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டு இன்னொன்று. பச்சை வாடை. சூடு காணாது. மறுபடி விளக்கில் காட்டி, மறுபடி இன்னொன்று. திறந்ததும் அந்த வாசனை வந்தது பாருங்கள்... நல்ல தேயிலை அடுப்பிலிருந்து இறங்குகிற வாசனை. அந்தச் சூட்டில் என் முடியை வைத்தேன். அலை விழுந்தது. ஒரு முடி பொசுங்கவில்லை.

ஆனால் துரைசாணி தலையில் ஏறுவதற்கு முன்னால் கை பழக வேண்டாமா? என் தலையில் மிச்சமிருந்த முடி போதாது. அம்மாவுக்கு முடியே கொஞ்சம்.

லாயத்தில் துரையின் வெள்ளைக் குதிரை நின்றது. வாலைப் பார்த்தேன். துரைசாணி முடியின் அதே நீளம்.

குதிரைக்காரர் எனக்கு மாமா முறை. வாலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் மாமா, நான் நுனியில்தான் கை வைப்பேன் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அந்தச் சாயந்தரம் முழுக்கப் பழகினேன். இலை, மூக்கு, குறடு. இலை, மூக்கு, குறடு. கடைசியில் வாலைப் பார்த்து மாமா சொன்னார்: "ராக்காயி, இதுக்கு இனிமே மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்."

அலையை நனைத்து அழித்துவிட நினைத்தேன். மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை துரை அந்தக் குதிரையில் பெரட்டுக்குப் போனார். மடிப்பு மடிப்பாக, கல்யாண வால். பெரட்டில் நின்ற சனம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதாம். கங்காணி இருமுகிற மாதிரி பாவனை பண்ணினாராம். துரை திரும்பிப் பார்த்திருக்கிறார். யார் வேலை என்று கேட்டிருக்கிறார். மாமா என் பேரைச் சொல்லிவிட்டார். பாவம், வேறு என்ன செய்வார்?

கதை முடிந்தது என்று நினைத்தேன். துரை என்னைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். துரைசாணி தலைக்கு சோப்புப் போட்டு அலசி, வராந்தா வெயிலில் உட்கார வைத்துக் காய வைத்தேன். பொட்டு எண்ணெய் இல்லை. உள்ளே கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். விளக்கில் குறட்டை வைத்தேன். மடியிலிருந்து கொழுந்தை எடுத்தேன்.

அப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்புறம் எனக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்: தேயிலைச் சாயம் துணியில் பட்டாலே போகாது, இந்தப் பொன்முடியில் பட்டால் என்ன கதி? துரைசாணி தலையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். குறடு என் கையில் சூடாக இருக்கிறது. நான் பேசினால் அவருக்குப் புரியாது. அவர் பேசினால் எனக்குப் புரியாது.

சத்தம் கேட்டு துரை வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, பாதி முகம் வழித்தது. என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.  குறட்டில் கொழுந்தை வைத்து அமுக்கினேன். நாலு எண்ணினேன். திறந்து அவருக்கு நேராக நீட்டினேன்.

தேயிலைக்காரர் அல்லவா? அவர் மூக்கும் என் மூக்கும் ஒரே ஸ்டோரில் படித்தவை. குனிந்து மோந்தார். இலையை எடுத்து விரலில் கசக்கினார். மறுபடி மோந்தார்.

"நல்ல வாசம்," என்றார் தோட்டத் தமிழில். "ஸ்டோர்ல இப்பிடி வர்றதில்ல."

பிறகு துரைசாணியிடம் ஏதோ சொல்லிக் கையால் ஒரு வால் வரைந்து காட்டினார். துரைசாணி சிரித்துவிட்டார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். உட்கார்ந்தார்.

அப்புறம் நான் செய்ததை நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் வேறு யார் சொல்வார்கள்? நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை அலை. ஒன்று மேலே எழும்பினால் அடுத்தது கீழே இறங்கும், நம் தோட்டத்து மலை மாதிரி. பொசுங்கின காதோரத்துக்கு மேல் ஒரு அலையை வளைத்துவிட்டேன். அங்கே முடி குறைவென்று பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அப்புவின் தங்கச்சி மகள் டிரங்குப் பெட்டியோடு வண்டியில் வந்து இறங்கினாள். துரைசாணி அப்புவைக் கூப்பிட்டு, அவளைச் சாப்பிட வைத்து அந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பு என்றுவிட்டார். டான்ஸில் மூன்று துரைசாணிகள் தலையைத் தொட்டுப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்களாம். திங்கட்கிழமை பெரட்டில் என் பேர் கூப்பிட்டார்கள். காம்பராவில் அம்மா இருமிக்கொண்டே அழுதாள்.

அந்தத் தங்கச்சி மகள் நல்ல பெண். வண்டி ஏறும்போது எனக்கும் சொல்லிக் கொடு அக்கா என்றாள். எண்ணெய் மட்டும் வைக்காதே என்று சொன்னேன். இலையைப் பற்றிச் சொல்லவில்லை. நான் நல்லவள்தான், முட்டாள் இல்லை.

அவள் போன அன்றைக்குச் சாயந்தரம் குசினிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பு வந்தார். கையில் தகரப் பேணி இல்லை. மேசைக்கு வைக்கிற பூப்போட்ட பீங்கான் கப். துரைசாணி இனி இவளுக்கு இதில்தான் கொடுக்க வேண்டும் என்றாராம்.

"ராக்காயம்மா, டீ," என்றார்.

என் பேர் அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாங்கினேன். மோந்து பார்த்தேன். தூள் லேசாகக் கருகல். சொல்லாமல் விட்டிருக்கலாம்... சொன்னேன்.

துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது அந்தக் கப்பையும் குறட்டையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குறடுதான் பதுளையில் இந்தக் கடை வைத்தது. கப்பு இன்னும் விளிம்பு உடையாமல் என் அலமாரியில் இருக்கிறது.

கொழும்பு அத்தை அடுத்த தடவை வரும்போது சுவரைப் பார்க்கட்டும். கப்புக்குப் பிடி இருக்கிறது, ஓர் ஆணி போதும்.