லோர்னா ஓடாத வெள்ளிக்கிழமை

லோர்னா பெக்கலா என் வீட்டு மாடியில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. துலூத் நகரில், கீழே ஏரியை ஒட்டிய தெருவில் இருக்கும் இரும்புச் சாமான் கடையில் பெயிண்ட் கலக்கிக் கொடுக்கும் வேலை. விவாகரத்தாகி ரொம்ப நாளாகிறது. ஒரே மகன் ஃபார்கோவில் வெல்டிங் வேலை பார்க்கிறான். அவளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். பதினோரு வருடத்துக்கும் மேலாக ஒரு நாள் விடாமல் ஓடினாள்.

வீராங்கனை என்று நினைக்க வேண்டாம். எந்தப் பந்தயத்திலும் முதல் நூறு பேருக்குள் அவள் வந்ததில்லை. ஆனால் தினமும் குறைந்தது ஒரு மைல், சொந்தக் காலில் ஓட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஒகையோவில் ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் அவர்கள் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறார். நாள் கணக்கு கூடக் கூடப் பெயர் மேலே ஏறும். ஒரு நாள் தவறினால், தவறியதை அவரவரே எழுதிச் சொல்லிவிட வேண்டும். யாரும் வந்து சோதிப்பதில்லை. அதனால்தான் அதில் பொய் சொல்வது கேவலம் என்று அவர்களுக்குள் ஓர் எண்ணம். லோர்னாவின் பெயர் இருநூற்றுச் சொச்சமாவது இடத்தில் இருந்தது.

காலை ஐந்தேகாலுக்கு எழுவாள். வாழைப்பழம் ஒன்று, கறுப்புக் காப்பி அரைக் கோப்பை. தொடை உரசும் இடத்தில் வாஸலின் தடவிக்கொள்வாள். குளிர்காலத்தில் கன்னத்திலும் வாஸலின். எங்கள் தெரு கூரை மாதிரிச் சரிவானது. அதில் இறங்கி, ஏரிக்கரைப் பாதையில் மூன்று மைல் போய்த் திரும்பி, மறுபடி மேடேறி வருவாள். பனி உறையும் மாதங்களில், கடையிலிருந்து சின்னத் திருகாணிகள் வாங்கி வந்து காலணியின் அடியில் பன்னிரண்டு பன்னிரண்டாக முடுக்கிக்கொள்வாள். அதோடு உறைந்த தெருவில் இறங்கினால் யாரோ தட்டச்சு செய்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது இமை மயிரெல்லாம் ஐஸாக இருக்கும்.

எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறையை ஐந்தரைக்கே திறப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்தும், எது நிறுத்தாது என்பதும் தெரியும். கைக்கடிகாரம் ஐந்து புள்ளி ஒன்பது மைல் என்று காட்டினால் வீட்டுக்குள் வரமாட்டாள். ஆறு ஆகும்வரை தபால் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். எதிர்வீட்டுக்காரர் முதல் தடவை பார்த்துவிட்டு, ஏதாவது தொலைத்துவிட்டாளா, தேடிக் கொடுக்க வரட்டுமா என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரம், நேரம், காற்று, குளிர் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். கால் விரல் நகம் கறுத்து விழுந்தால் அதையும் எழுதுவாள். ஒரு தடவை விழுந்த நகத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். முப்பத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து, அடுத்தவர் கால் நகம் வெட்டியவள் நான். அதை எடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன்.

மகன் கல்யாணத்தன்று ஓட்டல் வாகன நிறுத்தத்தில் ஓடினாள். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தபோது வீட்டைச் சுற்றி ஒரு மைல் ஓடி, நடுவில் ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு மிச்சத்தையும் முடித்தாள். தெருவே மூடிக்கிடந்த பனிப்புயல் நாளில், எங்கள் கார் பாதையை மட்டும் மண்வாரியால் வழித்துவிட்டு அதில் போவதும் வருவதுமாக ஓடினாள். நான் காப்பி குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எண்பத்தெட்டு நடை ஆயிற்று.

சனிக்கிழமைகளில் மட்டும் கூட்டத்தோடு ஓடுவாள். ஏரிக்கரை வாகன நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் சேருவார்கள். அதில் மூத்தவர் வால்ட் ஸ்டெங்கர். துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின் பழுது பார்த்தவர், அறுபத்தெட்டு வயது. ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் மூலையில் இருக்கும் கடையில் உட்கார்ந்து முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். பேச்செல்லாம் வலியைப் பற்றித்தான். யாருக்கு முழங்கால், யாருக்குக் குதிகால், யாருடையது பழசு என்று போட்டி நடக்கும். வால்ட்டிடம் ஒரு சட்டம் இருந்தது. இடம் மாறுகிற வலிக்குப் பயப்பட வேண்டாம், முதல் மைலில் மறைகிற வலிக்கும் பயப்பட வேண்டாம். எஞ்சினுக்குச் சொல்வதைக் காலுக்குச் சொல்கிறார் என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் ஒன்றுகூட அவரிடம் திரும்பி வந்ததில்லையாம்.

போன ஜனவரி நடுவில், லோர்னா மாடிப்படி ஏறும் சத்தம் மாறியது. வலது கால் வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி வலது கால். என் வேலையில் இதைக் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிடுவோம். இவள் என் நோயாளி அல்ல, அதனால் நான்கு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் காரில் ஏறும்போது பார்த்தேன். உட்கார்ந்தபின், இடது காலைக் கால்சட்டைத் துணியோடு கையால் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கேட்டேன். இடுப்பு மடிப்பில் தசை பிடித்திருக்கிறது என்றாள். மருத்துவமனைக்கும் போய் வந்திருக்கிறாள். அங்கே டாக்டருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உதவியாளர் காலை மடக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி, சில பயிற்சிகள் எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"எடுத்தியா?"

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஐரிஸ். தினம் ஆறு மைல் போவேன்ல, இப்ப ஒண்ணுதான்."

இந்தக் கூட்டத்துக்கு ஓய்வு என்றால் இதுதான் அர்த்தம். அதோடு நான் சண்டை போடவில்லை. வலி எவ்வளவு என்று அங்கே கேட்டார்களா என்று மட்டும் கேட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னார்களாம். இவள் இரண்டு என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த எண்ணை நான் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். பத்து என்று சொல்லிவிட்டு டிவி பார்த்துக்கொண்டு சிப்ஸ் சாப்பிட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இரண்டு என்று சொல்லிவிட்டுக் காலைக் கையால் தூக்குகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. ஓடிவிட்டு வந்தவள் வாசலில் இருபது நிமிடம் நின்றாள். மாடிப்படியைப் பார்த்தபடியே நின்றாள். நான் கதவைத் திறந்து என் சமையலறைக்குள் வரச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நில் என்றேன். நின்றாள். குதி என்றேன். குதித்தாள். இப்போது இடது கால் என்றேன். நின்றாள். குதி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், குதிக்கவில்லை.

"கோட்டை மாட்டு," என்றேன். "நான் காரை எடுக்கிறேன்."

"பத்து மணிக்கு எனக்கு வேலை இருக்கு."

"பெயிண்ட் ஒரு நாள் காயாம இருக்கும்."

அதே மருத்துவ உதவியாளர்தான் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பையன். நான் கூட வந்தது லோர்னாவுக்குப் பிடிக்கவில்லை. "இவங்க எங்க வீட்டு டாக்டரம்மா. படிப்பு மட்டும்தான் பாக்கி," என்று அறிமுகம் செய்துவைத்தாள். அவர் வலி எவ்வளவு என்று மறுபடி கேட்டார்.

"மூணு," என்றாள்.

அவர் எழுதப் போனார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் லோர்னாவிடம் கேட்டேன், பத்து என்றால் அவளுக்கு என்ன என்று.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பத்து இன்னும் நான் பார்க்கல. ஒன்பதுன்னா நாலு வருஷம் முன்னாடி, மாரத்தான்ல இருபத்தி மூணாவது மைல். ரெண்டு தொடையும் கல்லாப் பிடிச்சுக்கிச்சு, கண்ணும் தெரியல. பிரசவம் ஏழு."

"ஏழா?" என்றார் அவர்.

"பொறக்கறப்ப பையன் ரொம்பச் சின்னவன்."

அவளுடைய அளவுகோல் அப்படி. மூன்று என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் அவருக்கு அது பயன்படாது. வலி விஷயத்தில் இவளிடம் இனிமேல் கேட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நேரத்தை அவள் ஒருநாளும் குறைத்தோ கூட்டியோ எழுதியதில்லை.

"இன்னிக்கு ஒரு மைலுக்கு எத்தனை நிமிஷம்? நோட்டுல என்ன எழுதுவியோ அதைச் சொல்லு."

"இருபத்தாறு நிமிஷம் நாற்பது விநாடி."

"நேத்து?"

"இருபத்தி மூணு, பத்து."

"டிசம்பர்ல?"

"ஒன்பதரை."

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தாறு நிமிடத்தில் அவருடைய பாட்டியே ஒரு மைல் நடந்துவிடுவார், அதுவும் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே. அதை அவர் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. சக்கர நாற்காலி ஒன்றை வரவழைத்து, அதில் உட்கார வைத்துத்தான் ஸ்கேனுக்கு அனுப்பினார். அவள் வேண்டாம் என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொடை எலும்பின் கழுத்தில், உள்பக்கமாக ஒரு விரிசல். எலும்பின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எலும்பு மருத்துவரே வந்து படத்தைக் காட்டிச் சொன்னார். உள்பக்கமாக இருப்பதால் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறலாம். எட்டு வாரம் ஊன்றுகோல், இடது காலில் எடை வைக்கவே கூடாது. மீறி ஓடினால் எலும்பு முழுசாகப் பிளந்து நழுவும். அப்புறம் ஆணி, அல்லது இடுப்பு மாற்று. அதன்பின் ஓட்டம் என்பதே இருக்காது.

லோர்னா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நாளையிலிருந்தா என்று. இந்த நிமிடத்திலிருந்து என்றார் மருத்துவர்.

அன்றைய மைலை அவள் காலையிலேயே முடித்திருந்தாள். அது நாலாயிரத்து நூற்றுப் பதின்மூன்றாவது நாள். அதனால் வியாழக்கிழமை தப்பித்தது. பிரச்சினை வெள்ளிக்கிழமைக்குத்தான்.

வெள்ளி காலை நான் மாடிக்குப் போனபோது ஓட்ட உடுப்பை முழுசாகப் போட்டு, காலணிக் கயிறும் கட்டி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்படிக் குனிந்தாய் என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. என் வேலையை நான் பார்த்தேன். குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டேன், தொட்டிக்குள் ஒரு முக்காலி வைத்தேன், தரைக் கம்பளங்களைச் சுருட்டிக் கட்டினேன். ஊன்றுகோல் அவள் உயரத்துக்குச் சரியாக இல்லை. இரண்டு துளை இறக்கிவைத்தேன்.

மதியம் வால்ட் வந்தார். கையில் பெரிய பாத்திரம் நிறையக் கோழியும் நூடுல்ஸும். அவர் அதோடு போயிருக்கலாம். உட்கார்ந்து யோசனை சொல்லத் தொடங்கினார்.

"விதியில என்ன இருக்கு? சொந்தக் கால்ல ஒரு மைல். ரெண்டு கால்னு எண்ணிக்கை போட்டிருக்கானா? ஊன்றுகோலை வச்சுக்கிட்டு வலது கால்லயே தத்தித் தத்தி ஒரு மைல் போ. நாங்க எட்டுப் பேரும் கூட வர்றோம், விழாமப் பிடிச்சுக்கிறோம். கணக்கு நிக்கும்."

வாகன நிறுத்தத்தைக்கூட முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். பனி வழித்து, உப்பும் போட்டாகிவிட்டதாம். ஊன்றுகோல் வழுக்கினால் மனிதன் எந்தக் காலை ஊன்றுவான் என்று கேட்க நினைத்தேன். லோர்னா அவர் சொல்வதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், மனதுக்குள் தூரம் அளக்கிற முகத்தோடு. வால்ட் நல்ல மனிதர். அவளுக்கு அப்போது தேவைப்பட்ட ஆள் அவர் அல்ல.

"அது ஓட்டமா, வால்ட்?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஓட்டம்னு சொன்னா ஓட்டம்தான். யாரு பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. அதனாலதான் கேக்கறேன்."

வால்ட் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், பாத்திரத்தைத் திருப்பித் தர அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குக் கணினியை எடுத்துத் தரச் சொன்னாள். ஒகையோ ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதினாள். பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, காரணம்: தொடை எலும்பு. எழுதினாள், அனுப்பவில்லை. விதிப்படி நாள் முடிய இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்றேன். நான் கீழே போய் என் துணிகளை உலர்த்தியில் போட்டுவிட்டு வரவேண்டும். இவளை இருபத்து நான்கு மணி நேரமும் நான் காவல் காக்க முடியாது, காக்கவும் மாட்டேன். அதையும் சொன்னேன்.

"ஓடணும்னா இப்பவே ஓடு, வெளிச்சம் இருக்கு. விழுந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அப்புறம் உனக்குக் கழிப்பறைக்குப் போகவும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நானா இருக்க மாட்டேன், எனக்கு வயசு எழுபத்தி நாலு."

"பயமுறுத்துறீங்க."

"இல்ல. வேலை நிலவரம் சொல்றேன்."

துணியைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து மேலே போனேன். அதே நாற்காலியில்தான் இருந்தாள். கடிதம் போயிருந்தது. ஆசிரியரிடமிருந்து பதிலும் வந்திருந்தது. பெயரைக் கணக்கு முடிந்தவர்கள் பட்டியலுக்கு மாற்றிவிட்டாராம். அவருக்கும் ஒரு தடவை எலும்பு விரிசல் விட்டு, ஆறாயிரத்துச் சொச்சம் நாளில் கணக்கு நின்றதாம். வலியை அவர் நாலு என்று சொல்லியிருந்தாராம். லோர்னா அதைப் படித்துக் காட்டினாள். பிறகு காலை நீட்டி, காலணியைக் கழற்றிவிடச் சொன்னாள். இடுப்பை மடக்கக் கூடாது என்பதால் நான்தான் கழற்ற வேண்டியிருந்தது. கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். நகத்தால் அவிழ்க்க நேரமாயிற்று. அவள் அழுதாள், ஐந்து நிமிடம் இருக்கும். நான் கோழியைச் சூடாக்கினேன்.

எட்டு வாரம் பத்து வாரமாயிற்று. ஏப்ரல் கடைசியில் நடக்க விட்டார்கள். ஜூனில் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறாள். மற்ற நாட்களில் ஏழு மணி வரை தூங்குகிறாள், எனக்கும் நிம்மதி. போன சனிக்கிழமை கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நீங்கள்தானே அந்தத் தினமும் ஓடுகிறவர், இப்போது எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டிருக்கிறாள்.

"இந்த வாரம் மூணு," என்றாளாம் லோர்னா.