பதினேழாம் எண்ணுக்கு வருகைப் பரிசு

என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டது வெள்ளையடிக்கத்தான். எண்பதுகளின் தொடக்கம். கம்பத்தில் லாரி கிளீனர் வேலை போய், மூணாறில் ஒரு டீக்கடையில் கொஞ்ச நாள் கிளாஸ் கழுவி, ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கும்போது கால் பிசகி, நொண்டிக்கொண்டே போடிக்கு இறங்கியிருந்தேன். பள்ளிக்கூடம் இருந்த ஊர், போடியிலிருந்து குரங்கணி போகிற பக்கம். பெயர் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, மூன்று வாத்தியார்கள். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் மலைதான்.

மாசியில் ஆண்டு விழா. ஊர் கூடித்தான் நடத்தியது. ஒருவர் சுண்ணாம்பு கொடுத்தார், ஒருவர் பந்தலுக்குக் கீற்று இறக்கினார், பெண்கள் தரை மெழுகினார்கள். ஏலக்காய் வியாபாரி ஒருவர் சுவர்க் கடிகாரம் ஒன்றும், ஒருநாள்கூட விடாமல் வந்த பிள்ளைக்குப் பரிசாக எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றும் வாங்கித் தந்திருந்தார். பெரிய வாத்தியார் இதையெல்லாம் ஆண்டறிக்கையில் எழுதி, நான் ஏணியில் நிற்கும்போது வாசித்துக் காட்டுவார். என் பெயரை விட்டுவிட்டீர்களே என்றேன். கூலி வாங்குகிறவன் அன்பளிப்பில் சேரமாட்டான் என்றார்.

அவருக்கு ஒரே கவலை. பதிவேட்டில் அறுபது பிள்ளைகள். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் மூன்றாவது வாத்தியாரை எடுத்துவிடுவார்கள், அவரோடு ஐந்தாம் வகுப்பும் போய்விடும் என்று தாக்கீது வந்திருந்தது. அடுத்த ஐந்தாம் வகுப்பு ஓடை தாண்டி, முள்ளுக்காடு தாண்டி இருந்தது. அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். விழாவுக்கு வரும் கல்வி அதிகாரி தானே பெயர் கூப்பிட்டுப் பார்க்கப்போவதாகக் கடிதம் எழுதியிருந்தார்.

ஆனால் பள்ளிக்கு நிஜமாக வந்தது நாற்பத்தைந்து பேர்தான். மீதிப் பதினைந்து பேர் மலையில். ஆடி தாண்டியதும் குடும்பத்தோடு ஏலக்காய் எடுக்க ஏறினால் மாசி முடிந்துதான் இறங்குவார்கள். அவர்களுக்கும் பெரிய வாத்தியார் தினமும் வந்ததாகக் கோடு போட்டுவந்தார். சந்தேகம் வரக்கூடாதென்று இடையிடையே வரவில்லை என்று ஒரு முட்டையும் போட்டுவைத்திருந்தார்.

"மலையெல்லாம் ஒனக்குப் பழக்கந்தான. ஒருநாளைக்கு மட்டும் எறக்கிக் கொண்டா," என்று பதினைந்து பெயர் எழுதிய தாளைக் கொடுத்தார்.

தோட்டத்து ஜீப்பில் போடிமெட்டு வழியாகப் போனேன். அன்று ஞாயிறு. கூலியாட்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் முன்னால் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்ததும் ஒருத்தி சிரித்தாள்.

"ஆறாப்பு தாண்டாத ஆளு, புள்ளைகளப் படிக்கக் கூப்புட வந்திருக்காரு. ஏண்ணே, நீங்களும் அப்பிடியே போயி உக்காந்துக்கிருங்களேன்."

நான் ஆறாம் வகுப்பையே பாதியில் விட்டவன். அதையும் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். அதிகாரி வருவதையும், எண்ணிக்கை குறைந்தால் ஐந்தாம் வகுப்பு போய்விடும் என்பதையும் சொன்னபோது சிரிப்பு நின்றது. பிள்ளைகளை அனுப்புவதாக ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

பதிவேட்டில் பதினேழாம் எண் ஒரு பெண்பிள்ளை, நான்காம் வகுப்பு. அந்தப் பெயரைப் படித்ததும் துணி அலசிய கைகள் நின்றன. கடைசி வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

"வருவாண்ணே. நானும் கூட வர்றேன்," என்றாள். சின்னப் பச்சைப் பாவாடை ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள்.

நான் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரி ஜீப்பு வரை என் பின்னாலேயே வந்தாள். "ஐப்பசி மழையில காய்ச்சல் கண்டு அந்தப் புள்ள போயிருச்சுண்ணே. சோலைக்குக் கீழ வச்சிருக்கு. வாரா வாரம் பாவாடையத் தொவைக்கிறா. நீங்க அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்கிறாதீங்க," என்றாள். நான் கேட்கவில்லை.

விழாவுக்கு முதல்நாள் பதினாலு பிள்ளைகளும் அந்த அம்மாவும் ஜீப்பில் ஏறினார்கள். அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் இருந்தது. பிள்ளைகள் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டார்கள், அந்த இடத்துக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. இடம் விடச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மெட்டில் மஞ்சு இறங்கி, டிரைவர் பட்டப்பகலில் லைட்டைப் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் நான் தலை எண்ணினேன். பதினாலுதான். இருந்தும் அடுத்த வளைவில் மறுபடி எண்ணத் தோன்றியது.

இறங்கியதும் பெரிய வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஐப்பசிக்குப் பிறகும் அந்தப் பெயருக்கு நேராகக் கோடுகள் இருந்தன. விரலை அந்த வரிசையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார்.

"எல்லாம் நான் போட்டதுதான்," என்றார். பிறகு, "அம்பத்தொம்பது," என்றார்.

பதினெட்டாம் எண் கெட்டிக்காரப் பெண். அவளைக் கூப்பிட்டு, பதினேழுக்கும் அவளே குரல் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு விழா. ஊர் முழுக்கப் பந்தலில் இருந்தது. அதிகாரி சாதுவான மனிதர். மேசையில் பதிவேட்டை விரித்து, குனிந்தபடியே எண்ணையும் பெயரையும் படித்தார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிவந்தது. நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினேழு. பெயரும் சொன்னார்.

"உள்ளேன் ஐயா."

மெல்லிய குரல், எட்டு ஒன்பது வயசுக் குரல். ஆனால் அது பிள்ளைகள் வரிசையிலிருந்து வரவில்லை. பின்னால், பெண்கள் பக்கமிருந்து வந்தது. பதினெட்டாம் எண் திறந்த வாயோடு அப்படியே இருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாவின் உதடுகள் அப்போதுதான் மூடின. அவளைச் சுற்றி இருந்தவர்கள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி நிமிரவில்லை. பதினெட்டு என்றார். பதில் இல்லை. அப்போதுதான் தலையைத் தூக்கி, என்ன தூக்கமா என்று கேட்டார். அந்தப் பெண் பதறிப்போய் உள்ளேன் என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அறுபது பேரும் இருப்பதாக அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரிய வாத்தியார் ஆண்டறிக்கை வாசித்தார். கடிகாரம், கீற்று, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் கை தட்டினார்கள். அவர் குரல் இரண்டு இடத்தில் இடறியது. வருகைப் பரிசு என்று சொல்லி, ஒருநாள்கூட விடாதவர் யாரும் இல்லாததால் மூன்றே நாள் விட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க சார். இங்க ஒரு பிள்ளை ஒருநாள்கூட விடலையே," என்றார். பதினேழாம் எண்ணின் பெயரைப் படித்தார்.

மலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடையிடையே முட்டை போட்டதாகத்தான் பெரிய வாத்தியார் பின்னால் என்னிடம் சொன்னார். அவளுக்கும் போட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் பதிவேட்டில் இல்லை. ஜூன் முதல் அன்றைக்கு வரை வெறும் கோடுதான். அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன்.

அதிகாரி மறுபடி பெயரைக் கூப்பிட்டார். பெரிய வாத்தியார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் பதிவேடு பொய், ஐந்தாம் வகுப்பும் இல்லை. பெண்கள் பக்கமிருந்து அந்த அம்மா எழுந்து வந்தாள்.

"நீ யாரும்மா?"

"அவ ஆத்தா சார்."

"பிள்ளை எங்க?"

அவள் முன்வரிசைப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். தேடுகிற மாதிரியே தெரியவில்லை.

"இந்தா, இங்கதான இருக்கா."

வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று அதிகாரி சிரித்துக்கொண்டே தூக்குவாளியை அவள் கையில் கொடுத்தார். அவர்தான் முதலில் கை தட்டினார். மலைப் பிள்ளைகள் மூலமாக அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒருவர் தட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு கைத்தட்டலைக் கேட்டதில்லை. விட்டுவிட்டு, ஓட்டில் மழை விழத் தொடங்குவதுபோல.

அதிகாரி போன பிறகு பெரிய வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். பெயரை நீக்கித்தான் ஆகவேண்டும், இந்த வருடம் முடிந்ததும் நீக்கிவிடுவேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அஞ்சாப்பு நின்னுபோகும்னு இந்த அண்ணன் வந்து சொன்னாரு சார். அதுனாலதான் எறங்கி வந்தோம். இப்ப அஞ்சாப்பு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப அவ பேர மட்டும் எதுக்கு அடிக்கிறீங்க?"

அவர் பதிவேட்டை மூடினார். அவள் பிள்ளைகளோடு அன்று சாயங்காலமே மலைக்கு ஏறிவிட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாவது வாத்தியாரும் இருந்தார், ஐந்தாம் வகுப்பும் இருந்தது. கோவை இலையும் அடுப்புக் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசும் வேலை எனக்குக் கிடைத்தது. முதல் நாள், ஐந்தாம் வகுப்பில் நான் பலகையைப் பார்த்துப் பூசிக்கொண்டிருக்க, பெரிய வாத்தியார் எனக்குப் பின்னால் புதுப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். அந்த வகுப்பில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். அவர் பன்னிரண்டு பெயர் கூப்பிட்டார்.

அந்தப் பெயர் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு பேனா தாளில் ஒரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் திரும்பாமல் பூசிக்கொண்டே இருந்தேன். அந்த வாரமே கூலியை வாங்கிக்கொண்டு ராசிங்காபுரம் பக்கம் கிணறு வெட்டப் போய்விட்டேன்.