ஆறு பேர் வரைந்த எருமை

காலை ஏழே முக்காலுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி பிடித்தோம், நானும் என் மகள் வயிற்றுப் பேத்தி இனியாவும். அவளுக்குப் பத்து வயது. எனக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். தூரமும் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

நான் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மூங்கில் சுமக்கப் போனவன். இன்று கடலூரில் என் பந்தல் போடாத தெரு கிடையாது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு மைதானத்தைக் காட்டினால் எத்தனை நாற்காலி பிடிக்கும் என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். தப்பாது.

செம்மங்குப்பம் வந்ததும் ரசாயன ஆலைகளின் நெடி அடித்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். ஆலப்பாக்கம் தாண்டித்தான் திறந்தார்கள். பக்கத்தில் ஒருவர் காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்தார்.

"எங்க மாமா, பேத்தியோட? கோயிலுக்கா?"

"கோயிலுக்கு இல்ல. பாப்பா படம் போடப் போவுது. ஜில்லா முழுக்க இருந்து புள்ளைங்க வருதுங்க. அதுல நம்மளுதுதான் ஃபர்ஸ்ட்டு."

"எத்தினி புள்ளைங்க?"

"இருவத்தி நாலு."

"இன்னும் ஒருத்தருதும் பாக்கல, அதுக்குள்ள ஃபர்ஸ்ட்டா!" என்று அவர் சிரித்தார். இனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே தண்ணீரில் எருமைகள் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன. அவற்றைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்குச் சிதம்பரம். நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்து மண்டபம் போய்ச் சேர்ந்தோம். தரையில் நான்கு பாய்கள், பாய்க்கு ஆறு பிள்ளைகள் வட்டமாக. ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி. நடத்துகிறவர் சங்கீதா என்ற இளம் டீச்சர். அவர் முறையைச் சொன்னார். மணி அடித்ததும் துணியை வலது பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட வேண்டும். அந்தப் பிள்ளை அதே படத்தில் தன் பங்கை வரையும். இப்படி ஒவ்வொரு துணியிலும் ஆறு பேரின் கை பட வேண்டும். மாலையில் எல்லாத் துணிகளையும் ஒன்றாகத் தைத்து மண்டபச் சுவரில் மாட்டுவார்கள்.

பத்து மணிக்கு ஆரம்பம். இனியா எருமையைத்தான் வரைந்தாள். தண்ணீரில் தலை, தலைமேல் ஒரு கொக்கு. அந்த எருமையின் கண் என்னையே பார்த்தது. சொந்தப் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு கண்.

"டீச்சர், பேரு எங்க எழுதணும்?" என்று கேட்டேன்.

"பேரு எழுதுறதில்லைங்க ஐயா."

எனக்கு ஒப்பவில்லை. என் நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் என் பெயர் இருக்கிறது. எழுதாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் அது வேறொருவன் நாற்காலி. அந்த நேரம் பார்த்து அடுத்த பாயில், ஒரு பெண் வரைந்த தாமரைக் குளத்தின் நடுவே, மணி அடிக்கும் முன்பே ஒரு பையன் டவுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எங்கள் எருமையைத் திரும்பிப் பார்த்தேன்.

பத்து இருபதுக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எருமைத் துணியைச் சுருட்டி என் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல பொருளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து எல்லோரும் வரையத் தொடங்கினார்கள். இனியாவுக்கு வலது பக்கம் பரங்கிப்பேட்டைப் பெண் ரிஸ்வானா. அவள் மட்டும் தூரிகையில் நீலத்தைத் தொட்டுக்கொண்டு வெறுமனே இருந்தாள்.

"ஏம்மா, சும்மா ஒக்காந்திருக்க? ஒன் வயசுல நான் ஒரு நிமிசம் சும்மா இருந்ததில்ல" என்றேன்.

"எனக்குத் துணியே வர்ல தாத்தா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த மணி அடித்தது. ரிஸ்வானாவிடம் தள்ளிவிட ஒன்றும் இல்லை. அதனால் அவளுக்கு அடுத்த கீரப்பாளையத்துக் கதிர் சும்மா இருந்தான். நான் எடுத்தது ஒரு துணி. அந்தக் காலியிடமோ ஒவ்வொரு பிள்ளையாக வட்டத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் எண்ணிப் பார்த்தார். "ஆறு பேரு, அஞ்சு துணி. யாருது காணோம்?"

"இனியாவுது" என்றான் கதிர். "அவதான் ஒளிச்சிருப்பா டீச்சர். சூப்பரா வந்துருச்சுல்ல, அதான் யாருக்கும் தர மனசு இல்ல."

"நான் ஒண்ணும் ஒளிக்கல."

"அப்ப துணிக்கு என்ன காலா மொளச்சிது?"

மற்ற பாய்ப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இனியா என்னைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தரமாட்டாள் என்ற பேரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காக்கா கொண்டுபோயிருக்கும் என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் கூசாமல் பேசிய வாய் இது. அன்றைக்கு அந்தப் பொய் வரவில்லை.

எழுந்து நின்றேன். "பாப்பா எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

"ஏன் தாத்தா?" என்று ரிஸ்வானா கேட்டாள். கோபமில்லை, நிஜமாகவே காரணம் தெரிய வேண்டும் அவளுக்கு.

"நீங்கல்லாம் கெடுத்துடுவீங்கன்னு."

கதிர் சிரித்துவிட்டான். "டீச்சர், தாத்தாவ வட்டத்துல ஒக்கார வைங்க. நாங்க யாரும் கெடுக்காம பாத்துக்குவாரு."

துணியை விரித்தேன். ஈரத்தோடு சுருட்டியதில் கொக்கு கரைந்து எருமையின் நெற்றியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. கெடுத்தவன் நான் ஒருவன்தான். இனியா துணியை எடுத்து ரிஸ்வானாவின் முன் வைத்தாள். "நீ போடு. ஒன் முறைதான் மொதல்ல போச்சு."

அந்த வெள்ளையை ரிஸ்வானா பாய்மரமாக்கினாள். அடியில் ஒரு படகை வரைந்து, அதன் கயிற்றை எருமையின் கொம்பில் கட்டினாள். கதிர் படகில் நெல் மூட்டை ஏற்றினான். தவறிப்போன முறைகளை ஈடுகட்டி, துணிகளைத் தைத்து மாட்டி முடிக்க மாலை ஐந்தாகிவிட்டது. நான் குறித்து வைத்திருந்த நான்கு மணி வண்டி போயிற்று, அடுத்ததும் போயிற்று. ஐந்தரை வண்டியில் ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தோம். இனியா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் கிடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கடலூரில் என் வீட்டுக் கூடத்தில் அவள் வாங்கிய சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் காபி கொடுத்ததில்லை. இப்போது காட்டி முடித்த பிறகு இன்னொன்றும் சொல்கிறேன். சிதம்பரத்தில் ஒரு மண்டபச் சுவரில் ஓர் எருமை படகை இழுத்துக்கொண்டு போகிறது, ஆறு பிள்ளைகள் வரைந்தது, போனால் பாருங்கள் என்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருத்தி என் பேத்தி என்பதைக் கடைசியில்தான் சொல்கிறேன்.