போர்டில் ஐந்தாவது ஓட்டு

1. கையெழுத்து போட்ட நாள்

முதல் கம்பெனியில் பணம் போட்ட அன்றே என் மானம் போனது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு பிரஸ் ஷாப். மோட்டார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுப்பார்கள். முதலாளி எதிராஜ், உள்ளூர் விவசாயக் குடும்பத்து ஆள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கையைக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம், வரேன் சார்" என்று பையை எடுத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார், தாலி கட்ன கையோட மாப்ளையே கெளம்புறாரு?"

அது எண்பதுகளின் நடுப்பகுதி. அதுவரை நான் ஓர் அரசு வங்கியின் மெர்ச்சன்ட் பேங்கிங் பிரிவில் இருந்தேன். கம்பெனிகளின் பங்கை ஜனங்களுக்கு விற்றுக் கொடுப்போம். கல்யாணத் தரகர் வேலைதான். இஷ்யூ முடிந்தால் ஓட்டலில் விருந்து, ஃபீஸ், அடுத்த கம்பெனி. புதிதாகச் சேர்ந்த இந்த முதலீட்டு நிறுவனத்திலோ நாமே பங்கு வாங்கி, போர்டில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கூடவே இருக்க வேண்டும். பிரைவேட் ஈக்விட்டி என்ற பெயரெல்லாம் அப்போது எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

என்னோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். வெளிநாட்டு வங்கியிலிருந்து வந்த தாமஸ், எதைப் பார்த்தாலும் எப்போது விற்கலாம் என்று கேட்பார். ஒரே வருஷத்தில் பம்பாய்க்குப் போய்விட்டார். தொழில்கடன் வங்கியிலிருந்து வந்த சுந்தரத்துக்குப் பங்கும் கடன் மாதிரிதான். மாசாமாசம் என்ன வரும் என்று குடைவார். நான் கூட்டத்தில் பழகியவன். புரோக்கர், வக்கீல், விளம்பரக்காரர் என்று எப்போதும் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இங்கே ஒற்றை ஆளாகப் பஸ் ஏற வேண்டும். நான் நுழைந்தால் சூப்பர்வைசர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எதிராஜ் மட்டும்தான் வாய் நிறையப் பேசுவார். மீட்டிங் முடிந்தால் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி என் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிக்கூட விசாரிப்பார். மதராஸில் எனக்கு அப்படி ஒரு வீடு இல்லை.

2. கை தூக்கிய நாள்

தொழில் வளர்ந்தது, எதிராஜ் மாறவில்லை. மெஷினில் டை என்கிற அச்சை மாட்டுவதிலிருந்து லாரி அனுப்புவதுவரை அவரே பார்த்தாக வேண்டும். சரக்கு தாமதமானது, ரிஜெக்‌ஷன் ஏறியது. பெரிய கஸ்டமர் எழுதிவிட்டார்: நிர்வாகத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. அந்த ஆர்டர் போனால் இரண்டு ஷிப்டும் நின்றுவிடும்.

போர்டில் ஐந்து பேர். எதிராஜும் அவர் மச்சானும் ஒரு பக்கம். வேறு முதலீட்டாளர்கள் இருவர் எதிர்ப் பக்கம். மீதி நான்.

உள்ளே போகுமுன் எதிராஜ் என் தோளைத் தட்டினார். "நீங்க நம்ம ஆளு சார். எனக்கு இன்னா பயம்?"

எனக்கு அழுகை வந்தது. எதிராஜை மேனேஜிங் டைரக்டர் பதவியிலிருந்து விலக்கி, போர்டில் வெறும் டைரக்டராக வைத்துக்கொள்ளும் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன்.

மற்றவர்கள் காரில் போய்விட்டார்கள். எதிராஜ்தான் என்னை ஜீப்பில் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார்.

"ஷிப்டு நிக்காது இல்ல?" என்று வழியில் கேட்டார்.

"நிக்காது சார்."

"அப்ப நீங்க செஞ்சது சரிதான்." பஸ் வந்ததும் சொன்னார்: "இனிமே வூட்டுக்கு மட்டும் வராதீங்க."

கம்பெனி பிழைத்தது. ஆபீசில் பாராட்டினார்கள். வங்கியிலிருந்து இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கம்பெனிக்கு விலை போடும் வேல்யுவேஷன் பற்றிக் கேட்கிறார்கள். அது ஆறே மாதத்தில் வந்துவிடும். ஒருத்தர் சொந்தமாகக் கட்டிய கம்பெனியில் அவருக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு, அடுத்த மீட்டிங்கில் அவருக்கு எதிரிலேயே போய் உட்கார முடியுமா என்று முதலில் யோசியுங்கள். நான் நாலு வருஷம் உட்கார்ந்தேன். அவர் ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.