பெட்டி ஒட்டியாகிவிட்டது, போர்டு வெளியே

இன்று காலை எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் இருந்தவர்கள்: நான், பூஜை அறையில் பெருமாள். வீட்டுக்காரர் துபாயில், மகள் புனேயில்.

என் கம்ப்யூட்டருக்காகப் பட்டறையில் லேசரில் வெட்டித் தந்த மரப்பலகைகள் நேற்று வந்தன. இன்று ராகு காலம் கழிந்ததும் குங்குமம் இட்டு, பசை தடவி ஒட்ட உட்கார்ந்தேன். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று விழுகிறது. நான்கு கை வேண்டிய வேலை.

தெருவில் மீன்கார காசியம்மாவின் குரல் கேட்டது. நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை. இத்தனை வருடத்தில் அவரைக் கூப்பிட்டதே இல்லை. இன்று கூப்பிட்டேன்.

“இன்னாம்மா, நீயும் மீன் துன்ன ஆரம்பிச்சிட்டியா?”

“இல்லம்மா, இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிச்சுக்கணும்.”

“கை நாறும், பரவால்லியா?”

“பரவாயில்ல, வாங்க.”

பிடித்துக்கொண்டே, “இன்னாது, சாமிக்கு மண்டபமா?” என்றார்.

“கம்ப்யூட்டருக்குப் பெட்டி. கம்ப்யூட்டரும் நானே செஞ்சதுதான்.”

“வூட்ல பேச ஆளில்லன்னு மெசினு செஞ்சிக்கினியா?”

இருவரும் சிரித்தோம். பசை பிடிக்கும்வரை கால்மணி நேரம் அவர் மருமகளைப் பற்றிச் சொன்னார், நான் மகளைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் பார்த்தேன். ஆறு பக்கமும் ஒட்டிய பெட்டி அழகாக நிற்கிறது. உள்ளே வைத்துத் திருகாணியால் பொருத்த வேண்டிய கம்ப்யூட்டர் போர்டு மேஜைமேல் திறந்து கிடக்கிறது. இந்தப் பதிவை அதில்தான் தட்டுகிறேன்.

பலகை உடையாமல் பசையை இளக்க யாருக்காவது வழி தெரியுமா? பிரித்தால் மறுபடி ஒட்ட வேண்டும். காசியம்மா நாளை பத்து மணிக்கு வருவார். அதற்குள் பதில் போடுங்கள்.