டெக்சியில நானும் ஏறிட்டேன்

எங்க ஊர் கம்பளையில ஒரு ஆள் பிளேன் ஏறப் போறார்னா, மிச்ச ஆளுங்க எல்லாம் வேன் ஏறணும். அதுதான் எங்க வழக்கம். என்னைய லண்டனுக்கு அனுப்ப வந்த வேன்ல, மடியில மடி வச்சி ஒக்காந்தாங்க. கடுகண்ணாவ மலை வளைவுல என் தங்கச்சி வாந்தி எடுத்தா. கட்டுநாயக்கா ஏர்போட்ல எறங்குனதும் சோத்துப் பார்சல அவுத்தாங்க. பயணம் போற எனக்கு ஒரு வாய்தான் கெடச்சுது. அழறதுக்கு மட்டும் எல்லாரும் முன்னுக்கு வந்துட்டாங்க.

மக புள்ள பெத்திருந்தா. பார்த்துக்கத்தான் போனேன், மூணு மாச விசா. அங்க எறங்குனா மருமகன் மட்டும் நிக்கிறார்.

"மத்தவங்கல்லாம் எங்க மாப்ள?"

"எந்த மத்தவங்க மாமி?"

அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சி.

புள்ள தூங்குனா மக தூங்குவா. மக தூங்குனா எனக்கு யன்னல்தான். வெளிநாட்டுல சந்தோசம் கொட்டிக் கெடக்குதுன்னு ஊர்ல சொன்னாங்களே, எந்த ரூம்லன்னு தேடிப் பார்த்தேன். ஹீட்டர்தான் இருந்துச்சி. எனக்கு ஊர் சுத்திப் பார்க்க ஆசையில்ல. திரும்புறதுக்குள்ள, ஒரு நாள் என்னையக் காணாட்டி தேடுற மாதிரி ஒரே ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுல என் வயசுல ஒரு வெள்ளக்காரி, தனியா இருந்தா. நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பா. அப்பறம் ரெண்டு பேரும் வானத்தப் பார்ப்போம்.

"அம்மா, கூப்பிடாம அவங்க வீட்டுப் பக்கம் போயிறாதீங்க. இங்க அதெல்லாம் பழக்கமில்ல"ன்னு மக வேற சொல்லி வச்சிருந்தா.

ஒரு காலையில பார்க்கிறேன், அவ பெட்டியோட வாசல்ல நிக்கிறா. டெக்சி வந்து நிக்குது. வழியனுப்ப ஒரு காக்கா கூட இல்ல. பாவி, நாட்ட விட்டே போறா, அதுவும் அனாதையா! சுட்டு வச்ச ரொட்டியையும் மொளகா போட்டு இடிச்ச தேங்காச் சம்பலையும் பேப்பர்ல சுத்துனேன். திருநீறு டப்பாவத் தூக்குனேன். மகளோட செருப்ப மாட்டிக்கிட்டு ஓடுனேன்.

நெத்தி நெறையப் பூசிவிட்டேன். பயந்து போய் அசையாம நின்னா. பார்சலக் கையில திணிச்சேன். முறைப்படி அழுதேன். அப்பறம் கதவத் தொறந்து நானும் டெக்சியில ஏறிட்டேன்.

டிரைவர் அவளப் பார்த்தார். அவ என்னையப் பார்த்தா. நான் ரோட்டப் பார்த்து, "போங்க தம்பி"ன்னேன்.

போய்ச் சேர்ந்த எடம் ரயில் ஸ்டேசன். ரயில் மறையிற வரைக்கும் கை காட்டிட்டு, அதே டெக்சியில திரும்புனேன். மக வாசல்ல, மொகமெல்லாம் செவந்து நிக்கிறா.

"அம்மா! அவங்க தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு நாள் இருக்கப் போறாங்க! உங்கம்மாவுக்கு ஏதும் சொகமில்லையான்னு எனக்கு மெசேஜ் போடுறாங்க!"

"ரெண்டு நாள்தானா? அப்ப ரொட்டி கொஞ்சம் கூடிருச்சே."

திரும்பி வந்தவ நேரா எங்க கதவத் தட்டுனா. நாக்க நீட்டி, கையால விசிறி, உறைப்புக்குக் கண்ணுல தண்ணி வந்தத நடிச்சிக் காட்டுனா. பெறகு, இன்னும் இருக்கான்னு கையிலேயே கேட்டா.

அதுக்கப்பறம் தெனமும் டீக்கு வந்துருவா. அவ பாஷையில அவ மருமகளத் திட்டுவா, என் பாஷையில நான் ஊர்ல இருக்கிற என் மருமகளத் திட்டுவேன்.

"அவங்க மருமகளத்தான் திட்டுறாங்கன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

மொகத்தப் பார்த்தாத் தெரியாதா? ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், கீழ எறங்கல. மாடிக்கே ஏறி வந்து கட்டில்ல ஒக்காந்துட்டா.

நான் பொறப்படுற நாள் வந்துச்சி. அவ வீட்டுக் கதவத் தட்டுனேன், சத்தமே இல்ல. "வேலையா இருப்பாங்கம்மா"ன்னா மக. சரி, இவங்க நாட்டு வழக்கம் இதுதானேன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டு, மருமகனோட காருல பின் கதவத் தொறக்கிறேன்.

உள்ள ஒக்காந்திருக்கா! கோட்டு, தொப்பி, மடியில ஒரு பார்சல். என்னையத் திரும்பிக்கூடப் பார்க்கல. ரோட்டப் பார்த்து, மருமகனுக்குச் சொல்றா:

"போங்க தம்பி."

கட்டுநாயக்காவுல எனக்காக அதே வேன், அதே கூட்டம். "பெரிய பாலம் பார்த்தீங்களா? ராணி வீடு பார்த்தீங்களா?"ன்னு ஒரே சத்தம்.

"பக்கத்து வீடு பார்த்தேன்"னு சொன்னேன்.

"சரி சரி, சொக்லட் எங்க?"

குடுத்தேன். அவங்க சொக்லட்டுக்கு அடிச்சிக்கிட்ட நேரம், நான் வேன் மூலையில ஒக்காந்து அவ கட்டித் தந்த பார்சலப் பிரிச்சேன். வெள்ளரிக்கா வச்ச பாண், அவங்க சேன்விச்சுன்னு சொல்றது, காஞ்சி போயிருந்துச்சி. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. கடுகண்ணாவ வளைவு வர்றதுக்குள்ள, ஒருத்தருக்கும் ஒரு துண்டு கூடக் குடுக்காம முழுசாத் தின்னு முடிச்சேன்.